பொதுப் பட்டறை: பள்ளியும் ஊரும் கூடி வடிவமைக்கும் இடம்

உங்கள் பள்ளியில் கைகழுவும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? அந்த உயரத்தை முடிவு செய்தவர் யார்?

பெரும்பாலான பள்ளிகளில் வரைபடத்தில் இருந்த அளவை வைத்தோ, தம் கைக்கு வாகான அளவை வைத்தோ கொத்தனார் குழாயைப் பதித்துவிட்டுப் போயிருப்பார். முதல் வகுப்புக் குழந்தை கையைத் தூக்கிக் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்குகிறது. எட்டாம் வகுப்பு மாணவர் முதுகை வளைத்து நிற்கிறார். குழாயடியில் எந்த மூலையில் பாசி பிடிக்கிறது, எங்கே சோற்றுப் பருக்கை அடைக்கிறது என்பது நாள்தோறும் அதைத் தேய்த்துக் கழுவும் தூய்மைப் பணியாளருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர்களில் ஒருவரையும் கேட்டு அந்தக் குழாய் வைக்கப்படவில்லை.

ஒரு பொருளையோ இடத்தையோ பயன்படுத்தப் போகிறவர்களே அதன் வடிவமைப்பிலும் முடிவெடுப்பதைப் பங்கேற்பு வடிவமைப்பு என்கிறோம். அப்படி எடுத்த முடிவைச் செய்து பார்க்கத் தேவையான கருவிகளும் பொருள்களும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தைப் பொதுப் பட்டறை எனலாம். இவ்விரண்டையும் நம் பள்ளிகளில் எப்படித் தொடங்கலாம், தொடங்கும்போது எவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

கருவியா, முடிவா?

பட்டறை என்றதும் முதலில் எழும் கேள்வி, "கருவிகளுக்கு எங்கே போவது?" என்பதுதான். கருவிகள் தேவைதான். நிதி ஆயோக் 2016 முதல் செயல்படுத்திவரும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்படும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள், மின்னணுப் பலகைகள் ஆகியவற்றைக் கையாள அது வழிசெய்கிறது.

ஆயினும் கருவி வந்தவுடன் படைப்பாற்றலும் வந்துவிடுவதில்லை. கையேட்டில் உள்ள பத்துச் செயல்களை வரிசையாகச் செய்து முடித்தால் கைத்திறன் வளரும். ஆனால் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, அது நன்றாக வந்திருக்கிறதா என்ற மூன்று முடிவுகளும் கையேட்டிடமே தங்கிவிடும். அந்த மூன்று முடிவுகளில் ஒன்றையாவது குழந்தையிடம் கொடுக்கும்போதுதான் பட்டறை கற்கும் இடமாகிறது. 20 லட்சம் ரூபாய் ஆய்வகத்துக்கும் தாழ்வாரத்தில் உள்ள ஒரு பெட்டிச் சுத்தியல், திருப்புளிக்கும் இது பொருந்தும்.

மூன்று முன்னோடிகள்

டென்மார்க் நாட்டின் நிலவடிவமைப்பாளர் சோரன்சென் பல விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தவர். தாம் அமைத்த அழகான திடல்களை விட்டுவிட்டு, கட்டடம் நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகை, செங்கல், கயிறு ஆகியவற்றோடு குழந்தைகள் விளையாடப் போவதை அவர் கவனித்தார். அப்படியானால் அப்பொருள்களையே கொடுத்து ஒரு திடலை ஏன் அமைக்கக் கூடாது என்று 1931இல் எழுதினார். 1943இல், நாடு ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில், கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப் குடியிருப்பில் அத்திடல் உருவானது. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைப்பதற்குப் பதிலாகப் பழைய மரமும் ஆணியும் கருவிகளும் கொடுக்கப்பட்டன. குழந்தைகள் குடில் கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். உடனிருந்து பார்த்துக்கொள்ளப் பெர்டெல்சென் என்ற பெரியவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இதை 1946இல் நேரில் கண்ட ஆலன் சீமாட்டி அக்கருத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். குண்டுவீச்சில் இடிந்த மனைகள் பல அங்கே குழந்தைகளின் திடல்களாயின. அழகாக முடிக்கப்பட்ட பொருளைவிட, முடிக்கப்படாத பொருளே குழந்தையின் கையை அழைக்கிறது என்பது எம்ட்ரூப் தரும் பாடம்.

இரண்டாவது முன்னோடி அச்சுத் தொழிலாளர்கள். செய்தித்தாள் அச்சகங்களுக்குக் கணினி வரத் தொடங்கிய காலம் அது. 1981 முதல் 1985 வரை, ஸ்காண்டிநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, பக்க வடிவமைப்புக்கான கணினி முறையை ஆய்வாளர்கள் உருவாக்க முயன்றார்கள். திட்டத்தின் பெயர் 'உட்டோபியா'. முதலில் கட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த வரைபடங்களைத் தொழிலாளர்களுக்குக் காட்டினார்கள். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களாலும் அவற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியவில்லை. பிறகு அட்டைப் பெட்டியாலும் ஒட்டுப்பலகையாலும் கணினியின் மாதிரியைச் செய்து மேசைமேல் வைத்தார்கள். வெறும் அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் 'லேசர் அச்சுப்பொறி' என்று எழுதி ஒட்டினார்கள். தொழிலாளர்கள் அதன் முன் அமர்ந்து, தங்கள் அன்றாட வேலையைச் செய்வதுபோல் நடித்துக் காட்டியபோதுதான் எங்கே இடிக்கிறது, எது தேவையில்லை, எது கைக்கெட்டவில்லை என்று பேசத் தொடங்கினார்கள். படத்தின் முன் பேசாதவர் மாதிரியின் முன் பேசுவார். நம் வகுப்பறையில் வாய் திறக்காத குழந்தைக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகும் பெற்றோருக்கும் இது அப்படியே பொருந்தும்.

மூன்றாவது முன்னோடி நம் நாட்டில் இருக்கிறது. புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் 1983இல் எஸ்.எஸ். கல்பாக் என்ற அறிவியலாளர் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். செய்து கற்பது, ஊருக்குத் தேவையானதைச் செய்து கற்பது என்பவை அதன் அடிப்படை. கட்டுமானமும் பற்றவைப்பும், ஆற்றலும் சுற்றுச்சூழலும், வீடும் உடல்நலமும், வேளாண்மையும் கால்நடையும் என்று எல்லாத் துறைகளிலும் எல்லா மாணவரும் வேலை செய்கிறார்கள். இம்முறை அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம் என்ற பெயரில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் சென்றது. கணினி வழி இயங்கும் கருவிகளைக் கொண்ட 'ஃபேப் லேப்' என்ற பொதுப் பட்டறை 2002இல் அங்கே அமைந்தது. உலகில் முதன்முதலாக அமைந்த இத்தகைய பட்டறைகளில் அதுவும் ஒன்று. பெருநகரத்துக்குப் போகாமல் அது ஒரு வறண்ட கிராமத்துக்கு வந்ததற்குக் காரணம், எதைச் செய்வது என்ற கேள்விக்கு அங்கே ஏற்கெனவே விடை இருந்ததுதான்.

எந்தப் படியில் நிற்கிறோம்?

"எங்கள் பள்ளியிலும் மாணவர்கள் பங்கேற்கிறார்கள்" என்று நாம் எல்லாரும் சொல்லலாம். எந்த அளவுக்கு என்பதை அளந்து பார்க்க ஒரு கருவி இருக்கிறது. ரோஜர் ஹார்ட் என்பவர் யுனிசெஃப் அமைப்புக்காக 1992இல் எழுதிய நூலில் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்.

கீழிருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஏற்கவில்லை. முதற்படியில், பெரியவர்கள் தங்கள் கருத்தைக் குழந்தையின் வாயால் சொல்ல வைக்கிறார்கள். இரண்டாவது படியில், விழாவின் அழகுக்காகக் குழந்தைகள் நிறுத்தப்படுகிறார்கள். மூன்றாவது படியில், குழந்தையிடம் கருத்துக் கேட்கப்படுகிறது, ஆனால் அக்கருத்தால் எதுவும் மாறுவதில்லை.

நான்காம் படியிலிருந்துதான் பங்கேற்பு தொடங்குகிறது. வேலையைப் பெரியவர் ஒதுக்கினாலும் அது எதற்கு என்று குழந்தைக்குத் தெரிந்திருப்பது நான்காம் படி. கருத்துக் கேட்டு, அது எப்படிப் பயன்பட்டது என்றும் தெரிவிப்பது ஐந்தாம் படி. பெரியவர் தொடங்கினாலும் முடிவைக் குழந்தைகளோடு பகிர்ந்துகொள்வது ஆறாம் படி. குழந்தைகளே தொடங்கி நடத்துவது ஏழாம் படி. குழந்தைகள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது எட்டாம் படி.

எப்போதும் எட்டாம் படியில் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஐந்தாம் படியே நல்ல உயரம். ஆனால் சுவரில் என்ன ஓவியம் தீட்டுவது என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டு, ஏற்கெனவே ஓவியரிடம் கொடுத்த படத்தையே தீட்டினால் நாம் மூன்றாம் படியில் நிற்கிறோம். அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஒருமுறை கண்ட குழந்தை அடுத்த முறை கேட்கும்போது, ஆசிரியருக்குப் பிடித்த விடையைத்தான் சொல்லும்.

கருத்துச் சொல்வது குழந்தையின் உரிமையும்கூட. குழந்தைகளைப் பாதிக்கும் செய்திகளில் அவர்களின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. 1989இல் உருவான அவ்வுடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. பெற்றோரின் பங்குக்கும் சட்டம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் பணிகளில் ஒன்று. அதாவது, பங்கேற்பு வடிவமைப்புக்கான அவை ஏற்கெனவே நம் பள்ளியில் இருக்கிறது.

நம் மண்ணில் மறக்கக் கூடாத ஒன்று

கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவரும்போது தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தைகள் தங்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அத்திட்டம். குயவர் பிள்ளை குயவராகவும் வண்ணார் பிள்ளை வண்ணாராகவுமே இருக்க வேண்டுமா என்ற கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

எனவே நம் பள்ளிப் பட்டறைக்கு இரண்டு விதிகள் தவறாமல் வேண்டும்.

முதல் விதி: எல்லாக் கையும் எல்லாக் கருவியும். தச்சர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் உளி நன்றாக வரும் என்று அவரிடமே வேலையைத் தள்ளிவிடக் கூடாது. பெண் பிள்ளைகள் ஊசி நூலிலும் ஆண் பிள்ளைகள் ரம்பத்திலும் தாமாகப் பிரிந்து நின்றால், ஆசிரியர் சுழற்சிமுறையை வைத்து மாற்ற வேண்டும். பட்டறையைப் பெருக்குவதும் கருவிகளைத் துடைப்பதும் சுழற்சியில் எல்லாருக்கும் வர வேண்டும். பெருக்கும் முறை சிலருக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அது பொதுப் பட்டறை ஆகாது.

இரண்டாம் விதி: கற்றுத்தர வருபவர் ஆசிரியராகவே வருகிறார். ஊரில் உள்ள கொத்தனார், தச்சர், குயவர், கூடை முடையும் அம்மா, தையற்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், மின்பணியாளர் ஆகியோரை அழைக்கும்போது, மற்ற கருத்தாளர்களுக்குத் தரும் நாற்காலியையும் வணக்கத்தையும் அவர்களுக்கும் தர வேண்டும். தங்கள் வேலையில் உள்ள கணக்கையும் அறிவியலையும் அவர்கள் சொல்ல, மாணவர் குறிப்பெடுக்க வேண்டும். "நீ படிக்காவிட்டால் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும்" என்று ஒரு தொழிலைச் சுட்டிக்காட்டிப் பேசும் வழக்கம் நம் வாயில் இருந்தால், அது முதலில் போக வேண்டும். அதைக் கேட்கும் குழந்தைகளில் ஒருவரின் தந்தை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்.

ஒரு பாடம்: கைகழுவும் இடத்தை மறுவடிவமைத்தல்

1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்கள் முன்னின்று செய்வதாகக் கீழ்வரும் செயல்திட்டம் அமைகிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினால் ஏறக்குறைய ஆறு வாரங்களில் முடிக்கலாம்.

முதற்படி: பார்த்தல். மூன்று நாள்களுக்கு மதிய உணவு இடைவேளையில் குழாயடியில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், வரிசை எவ்வளவு நீள்கிறது, யார் கழுவாமலே போகிறார்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறிப்பெடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் யாரும் தீர்வு சொல்லக் கூடாது. பார்ப்பதற்கு முன்பே தீர்வு சொல்லும் பழக்கம் மாணவர்களைவிட நமக்கே அதிகம்.

இரண்டாம் படி: கேட்டல். முதல் வகுப்புக் குழந்தைகள், மாற்றுத்திறனுள்ள மாணவர்கள், சத்துணவு சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரிடம் மாணவர்கள் நேர்காணல் செய்ய வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற விடைதான் பெரும்பாலும் வரும். "நேற்று இங்கே என்ன செய்தீர்கள்? எங்கே சிரமம் வந்தது?" என்று கேட்டால் செய்தி கிடைக்கும். வினா அமைப்பதும், கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவதும் நல்ல மொழிப்பாடம்.

மூன்றாம் படி: அளத்தல். ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேரின் முழங்கை உயரத்தை அளக்கச் சொல்லலாம். எடுத்துக்காட்டாக, முதல் வகுப்பின் சராசரி 70 செ.மீ. என்றும் எட்டாம் வகுப்பின் சராசரி 95 செ.மீ. என்றும் கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 82.5 செ.மீ. அந்த உயரத்தில் குழாய் வைத்தால் சிறியவருக்கு முழங்கைக்கு மேலே 12.5 செ.மீ., பெரியவருக்கு முழங்கைக்குக் கீழே 12.5 செ.மீ. இருவருக்குமே பொருந்தாது. சராசரி என்பது சரியான கணக்கு. ஆனால் எந்தக் கேள்விக்கு அது சரியான விடை என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு உயரங்களில் குழாய் வைப்பதா, சிறியவர்கள் ஏறி நிற்க மேடை கட்டுவதா என்ற விவாதம் இங்கே தொடங்கும். மேடை கட்டினால் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எப்படி வருவார் என்ற கேள்வியை அவர்களே கேட்கும்வரை காத்திருக்கலாம். கேட்காவிட்டால் அந்த மாணவரையே குழுவில் சேர்த்துவிட்டால் போதும்.

நான்காம் படி: மாதிரி. செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு கம்பைக் கட்டி, கம்பின் முனையைக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு உயரங்களில் அதை அமைத்து, சிறியவரும் பெரியவரும் வந்து கைகழுவுவதுபோல் செய்து பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியைத் தொட்டியாக்கலாம். செலவு எதுவும் இல்லை. தண்ணீர் ஓடும் சரிவைப் பார்க்க ஒரு மீட்டர் நீளப் பலகை ஒன்று போதும். ஒரு முனையை 1 செ.மீ., 2 செ.மீ., 3 செ.மீ. என்று உயர்த்தி, மணல் கலந்த நீரை ஒரு குவளை ஊற்றி, எந்தச் சரிவில் மணல் தங்காமல் போகிறது என்று குறிக்கலாம். மாதிரி அழகாக இருக்கத் தேவையில்லை. அழகாகச் செய்த மாதிரியைப் பிரிக்க மனம் வராது. இங்கே பிரித்து மாற்றுவதற்காகவே செய்கிறோம்.

ஐந்தாம் படி: ஊரோடு கலந்தாய்வு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அந்த மாதிரியின் அருகிலேயே நடத்தலாம். உறுப்பினர்களும் அதைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். கொத்தனாராக உள்ள ஒரு பெற்றோர் அன்றே தூக்குக்குண்டும் ரசமட்டமும் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டலாம். 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து அவர் மூலையைச் சரிபார்க்கும்போது, எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் தரையில் விரியும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வைத்து இரண்டு இடங்களின் மட்டம் பார்ப்பதில் திரவ அழுத்தப் பாடம் இருக்கிறது. பள்ளியின் நிதிக்கு மேல் செலவாகும் வேலை என்றால், மாணவர்களின் வரைபடத்தையும் அளவுகளையும் இணைத்துப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கிராம சபைக்கு அனுப்பலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் நாளும் கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றாக இருப்பது இதற்குப் பொருத்தமான வாய்ப்பு.

ஆறாம் படி: செய்தல், பிறகு மறுபடி பார்த்தல். கட்டுமான வேலையைத் தேர்ந்த பெரியவர்களே செய்ய வேண்டும். சோப்பு வைக்கும் தட்டு, கழிவுநீரை வாழைக்கன்றுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால், வரிசைக்கான கோடுகள், அறிவிப்புப் பலகை ஆகியவை மாணவர் வேலை. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, முதற்படியில் செய்ததுபோலவே மீண்டும் மூன்று நாள் நின்று பார்க்க வேண்டும். வரிசை குறைந்ததா? கழுவாமல் போகிறவர்கள் குறைந்தார்களா? பாசி இப்போது எங்கே பிடிக்கிறது? இந்த இறுதிப் பார்வையை விட்டுவிட்டால், திறப்புவிழாவோடு வேலை முடிந்துவிட்டதாக மாணவர் எண்ணிவிடுவார்.

பட்டறைக்கு என்ன வேண்டும்?

தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் தாழ்வாரத்தின் ஒரு முனையும், கனமான ஒரு மேசையும், சுவரில் ஒரு பலகையும் போதும். சுத்தியல், கொறடு, திருப்புளி, சிறிய ரம்பம், அரம், அளவுநாடா, மூலைமட்டம், கத்தரிக்கோல், ஊசி நூல், பசை, சணல் கயிறு ஆகியவற்றைக் கொண்டு தொடங்கலாம். அட்டைப்பெட்டி, மூங்கில், தேங்காய்ச் சிரட்டை, பழைய சைக்கிள் டியூப், துணித் துண்டுகள் ஆகியவை ஊரிலிருந்தே வரும்.

பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெளிக்கோடாக வரைந்து, அதன்மேல் ஆணியடித்து அக்கருவியை மாட்டி வைக்க வேண்டும். மாலையில் எந்தக் கோடு வெறுமையாக இருக்கிறது என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் கருவிகளை அலமாரியில் பூட்டி வைப்பதற்கு இது நல்ல மாற்று. எடுப்பவர் பெயர் எழுதும் பதிவேட்டை மாணவர் குழுவே நடத்தலாம். பட்டறை விதிகளையும் அவர்களே கூடி எழுதட்டும்.

மாதத்தில் ஒரு நாளைப் பழுதுபார்ப்பு நாளாக அறிவித்து, ஊராரையும் வரச் சொல்லலாம். காதறுந்த பை, ஆடும் நாற்காலி, கைப்பிடி கழன்ற வாளி என்று கொண்டுவரட்டும். கொண்டுவருபவர் உடனிருந்து வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பள்ளி வாசலோடு நின்றுவிடும் தாத்தாக்களும் பாட்டிகளும் உள்ளே வர இது ஒரு வழி.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. வெட்டும், அறுக்கும் கருவிகளை ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்சாரச் செயல்களுக்கு உலர் மின்கலம் மட்டுமே. சுவர் இணைப்பில் மாணவர் கைவைக்கக் கூடாது. சுத்தியலும் ரம்பமும் எடுக்கும்போது கண்காப்புக் கண்ணாடி அணிய வேண்டும், நீண்ட முடியைக் கட்ட வேண்டும், காலணி போட்டிருக்க வேண்டும். பட்டறையில் காலணி இல்லாத பிள்ளைக்கு ஒரு சோடி எப்போதும் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்துக் குப்பி, மின்கலக் கழிவு, கல்நார் ஓட்டுத் துண்டு ஆகியவற்றைப் பழம்பொருளாக ஏற்கக் கூடாது.

எப்படி மதிப்பிடுவது?

யார் செய்தது அழகாக இருக்கிறது என்று பரிசு கொடுத்தால், அடுத்த முறை வீட்டில் பெரியவர் செய்து கொடுத்த பொருள்தான் வரும். மாணவரின் குறிப்பேட்டில் மூன்றைத் தேடலாம். யாரைப் பார்த்து, யாரைக் கேட்டு அவர் தொடங்கினார்? வேறொருவர் பயன்படுத்திப் பார்த்தபின் எதை மாற்றினார்? குழுவில் மற்றவருடைய கருத்து எங்கே இடம்பெற்றது? முதல் மாதிரியும் கடைசி மாதிரியும் ஒன்றாகவே இருந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டாம். "யார் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்?" என்று கேட்டால் போதும்.

ஆசிரியர் தம்மையும் மதிப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் பருவத்தில் நான் எடுக்க வேண்டிய ஒரு முடிவை மாணவர் எடுத்தாரா? அது என் விருப்பத்துக்கு மாறாக இருந்தும் நடைமுறைக்கு வந்ததா? இரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல ஒரு நிகழ்வாவது இருந்தால், நம் பள்ளி ஏணியின் மேல்பாதியில் நிற்கிறது என்று கொள்ளலாம்.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் பள்ளி வளாகத்தில், பயன்படுத்துபவரைக் கேட்காமல் அமைக்கப்பட்ட ஐந்து பொருள்களைப் பட்டியலிடுங்கள். அவற்றில் எதை மாணவர்கள் முதலில் மாற்ற விரும்புவார்கள் என்று எண்ணுகிறீர்கள்? பிறகு அவர்களிடமே கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

2. கடந்த ஆண்டு பள்ளியில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மாணவர் பங்கேற்பு ஏணியின் எந்தப் படியில் இருந்தது என்று குறியுங்கள்.

3. உங்கள் ஊரில் கைத்தொழில் தெரிந்த பெற்றோர் யார் யார்? அவர்களின் வேலையில் உள்ள எந்தக் கணக்கு, எந்த அறிவியல் கருத்து உங்கள் பாடநூலில் வருகிறது?

4. உங்கள் பள்ளியில் பெருக்கும் வேலை, நாற்காலி தூக்கும் வேலை, தேநீர் வாங்கி வரும் வேலை ஆகியவை எந்தெந்த மாணவர்களுக்குப் போகின்றன? ஒரு வாரம் குறித்துவைத்து, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையின் முதல் சுழற்சி அட்டவணையை எழுதுங்கள்.